ஈரச் சட்டை

வெள்ளாவி இறக்கும் நேரம். சலவைக்காரர் மூடியைத் தள்ளியதும் ஆவி கிளம்பிக் கூரையைத் தொட்டது. எதிரே நின்ற மனைவி சற்று நேரம் இல்லாமல் போனாள். பிறகு முதலில் அவள் கைகள் வந்தன. அப்புறம் முகம். இருவரும் கோல்களை விட்டுத் துணிகளைத் தூக்கித் தொட்டியில் போட்டார்கள். முன்பெல்லாம் பானை வாய்வரை அடைத்திருக்கும். இப்போது துணி அடியில் கிடந்தது.

கொட்டகையை ஒட்டியே வீடு. வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே சாலை. துணி உலர்த்தும் கொடிகளைச் சாலைக்குக் குறுக்கே, எதிர்ப்பக்கத்து மரங்கள் வரை கட்டியிருந்தார்கள். காற்று வந்தால் ஊரே அதில் நிற்கும். ஆசிரியர், தபால்காரர், ரொட்டிக்கடைக்காரர், அவர் மனைவி எல்லாரும் தலையில்லாமல் கைகளை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். இப்போது கொடிகள் பெரும்பாலும் வெறுமையாக இருந்தன. சிலர்தான் இன்னும் துணி போட்டார்கள். அவர்களும் இருட்டிய பிறகு மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

காரணம் வீட்டுச் சுவரில் தாரால் எழுதியிருந்தது. 'ஓடிப்போனவன் வீடு.' மகனைத் தேடி வந்த பட்டாளத்துக்காரர்கள் எழுதியது. மூட்டைகளை எல்லாம் துப்பாக்கி முனையால் குத்திப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்றதும் எழுதிவிட்டுப் போனார்கள். சலவைக்காரர் கத்தியால் சுரண்டப் போனார். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. ஓடிட்டான்னுதானே எழுதியிருக்காங்க. ஓடுறதுக்குக் கால் வேணும்ல? இருந்துட்டுப் போகட்டும்."

அன்று முதல் அவள் கதவைத் தாழ் போடுவதில்லை.

துணிகளை நீலத்தில் முக்கிக்கொண்டிருந்தபோது மில் வீட்டுக் கணக்கர் சைக்கிளில் வந்தார். ஊரில் பெரிய வீடு அது. மாவு மில் அவர்களுடையது. சுவரில் எழுத்து விழுந்த மறுநாளே துணியை நிறுத்தியவர்களும் அவர்கள்தான். கணக்கர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றி நின்றார்.

"சலவை, வெள்ளை விரிப்பு எத்தனை இருக்கு?"

"எதுக்குங்க?"

"எதுக்கா? சின்னவர் வர்றார்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெட்டியில வர்றார். மதியத்துக்குள்ள கொண்டுவந்துருவாங்க. கூடம் முழுக்க விரிக்கணும்."

மனைவியின் கை நீலத் தண்ணீருக்குள் நின்றது. "ஐயோ, சின்னவரா? அந்தம்மாவுக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணாச்சே."

"முதலாளிக்கு உன்கிட்ட வாங்க இஷ்டமில்ல. வேற ஆள் இல்லாததால வந்தேன். மடிப்பு ஒழுங்கா இருக்கணும். நீயே எடுத்துட்டு வா. அவளைக் கூட்டிட்டு வராதே."

"நான் வந்து என்ன பண்ணிடப் போறேன்? கதவோரமா நின்னு பாத்துட்டு வந்துருவேன்."

"ஓடினவனோட அம்மா அந்த வாசப்படி ஏறினா நல்லாவா இருக்கும்? நீயே சொல்லு."

அவள் மறுபடி துணியை முக்கினாள். கணக்கர் போன பிறகு சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு ஊதினார்.

விரிப்புகளில் கஞ்சியின் மொடமொடப்பு இருந்தது. தண்ணீர் தெளித்தபோது சொட்டுகள் கரும்புள்ளிகளாகி மறைந்தன. பெட்டி போகிற வழியெல்லாம் ஆவி எழுந்தது. அதில் அவருக்கு மகன் தெரிந்தான். இஸ்திரி போடும்போதெல்லாம் அப்படித்தான். இருபது வயது உடம்போடு வருவதில்லை. ஏதாவது ஒரு சட்டையோடு வருவான்.

ஊர் அவனைத் துரை என்றது. பெற்றவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். மழைக்காலத்தில் துணி காயாது. பாதி காய்ந்ததை இஸ்திரி போட்டாலும் தையலில் ஈரம் நிற்கும். சலவைக்காரர்கள் அதை உடம்பில் போட்டுக்கொள்வார்கள். உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மழை நாளில் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால் டாக்டர் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பார், ஆசிரியர் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். துரைக்குச் சட்டைதான் ஆள். ஆசிரியர் சட்டையைப் போட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பான். தபால்காரர் சட்டையைப் போட்டால் ஒரு தோள் இறங்கிவிடும். "கழட்டுடா, சட்டை வேர்க்குது" என்று அம்மா துரத்துவாள்.

போர் வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் என்றார்கள். மில் வீட்டிலிருந்து சின்னவர் அதிகாரியாகப் போனார். இங்கிருந்து துரை போனான். இருவரும் ஒரே படைப்பிரிவு. ஒருமுறைதான் விடுமுறையில் வந்தான். மெலிந்திருந்தான். வந்தவுடன் சட்டையைக் கழற்றிவிட்டு இஸ்திரி மேசைக்கு அடியில் படுத்து மாலை வரை தூங்கினான். எழுந்ததும் அம்மா கேட்டாள்.

"அங்க என்னடா வேலை?"

"என்ன வேலை? இதே வேலைதான். முதல்ல துப்பாக்கி குடுத்தாங்க. தூக்கிட்டு நின்னேன். உங்கப்பா என்ன பண்றாருன்னு கேட்டாங்க. சொன்னேன். துப்பாக்கியைப் பிடுங்கிட்டு சோப்பைக் குடுத்துட்டாங்க."

"நல்லதாப் போச்சு."

"என்ன நல்லது? எவன் கையில சோப்பு இருக்குன்னு குண்டு பாத்தா வருது?"

"வாயக் கழுவு. சின்னவர் எப்படி இருக்கார்?"

"அவருக்கென்ன? இருட்டினா பயப்படுறார். விடிஞ்சா மடிப்பு கலைஞ்சிருச்சுன்னு என்னைக் கத்துறார். அங்க ஒரே மழைம்மா. எதுவும் காயாது. அவர் சட்டையை நானே போட்டுக் காய வெச்சுத்தான் குடுக்கிறேன். ஒருநாள் போட்டுக்கிட்டு அப்படியே வெளியில ஒரு நடை நடந்தேன். புதுசா வந்த பையன் ஒருத்தன் விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சான்."

"நீ என்ன பண்ணின?"

"விடுவேனா? திருப்பி அடிச்சேன்."

எழுந்து நடந்து காட்டினான். நெஞ்சை நிமிர்த்தி, கழுத்துப் பட்டை உறுத்துவது போல் தாடையைத் தூக்கி, சின்னவரே நடந்தார். வெறும் கால் சின்னவர். அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"மாட்டினா என்னடா ஆகும்?" என்றார் சலவைக்காரர்.

"என்ன ஆகும்? சட்டையைக் கழட்டச் சொல்வாங்க."

இஸ்திரி முடிந்த விரிப்புகளை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு அவர் மில் வீட்டுக்குப் போனார். மில் நின்றிருந்தது. அது ஓடாத நாளில் ஊர் வேறு ஊர் போல இருந்தது. காதில் பஞ்சு அடைத்தது மாதிரி. தெருவில் மாவுத்தூள் படிந்து வெளுத்திருந்த மரங்கள் அசையாமல் நின்றன.

பெட்டி முன்பே வந்துவிட்டது. உடலை வெளியே எடுத்துக் கூடத்தில் ஒரு நீளப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். முகம் துணியால் சுற்றியிருந்தது. பார்க்க வேண்டாம் என்று பட்டாளத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உடம்பில் சின்னவரின் அதிகாரிச் சட்டை. மார்புப் பையின் மேல் மையால் எழுதிய பெயர். உள்ளறையில் அவர் தாய் அழுதுகொண்டிருந்தார். பெண்கள் அவரைப் பிடித்திருந்தார்கள். கூடத்தில் முதலாளி மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சலவைக்காரர் சுவரோரம் தொடங்கித் தரையெல்லாம் விரித்தார். கடைசி விரிப்பு உடலின் மேல் போட. தலைமாட்டிலிருந்து இழுத்துக்கொண்டே வந்தார். கால்மாட்டில் விரிப்பு தீர்ந்துவிட்டது. பாதங்கள் வெளியே நின்றன.

இடது பாதத்தின் மேல் முக்கோணமாக ஒரு பழைய தழும்பு இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் முனை. துரைக்கு ஏழு வயதில் மேசையிலிருந்து விழுந்தது. அம்மா அந்தக் காலைத் தன் மடியில் வைத்து ஒரு மாதம் விசிறிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் நகம் பிறகு முளைக்கவே இல்லை.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீருக்கு அடியில் கிடக்கிற கூழாங்கல்லைப் பார்ப்பது போல இருந்தது. அருகில் தெரிந்தது. கை நீட்டினால் எட்டாது போலவும் தெரிந்தது. விரலிடுக்குகள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. சலவைச் சோடாத் தண்ணீரில் நிற்கிற கால்.

நாற்காலி கிறீச்சிட்டது. முதலாளி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவரும் அந்தப் பாதத்தைப் பார்த்தார். முதல் தடவை பார்ப்பவரைப் போலப் பார்க்கவில்லை.

"முதலாளி."

"சொல்லு."

"இந்தக் கால்..."

"சில்லுனு கிடக்கு," என்றார் முதலாளி. "மூடு."

சலவைக்காரர் கை அசையவில்லை. முதலாளியே குனிந்து விரிப்பை இழுத்துப் பாதங்களை மூடினார். தலைப்பக்கம் சற்று விலகியது. அதையும் சரிசெய்தார். ஓரத்தைப் பலகைக்கு அடியில் செருகினார். பிறகு போய் உட்கார்ந்தார்.

முற்றத்தில் உடலோடு வந்த சிப்பாய் ஒரு தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். அவன் காலணியில் வேறு ஊர்ச் சேறு காய்ந்திருந்தது. சலவைக்காரர் அவன் எதிரில் போய் நின்றார்.

"தம்பி, அங்க மழையா?"

அவன் கண்ணைத் திறந்தான். "மழையா? வானம் ஓட்டையாயிருச்சுங்க. ஒரு மாசமா விடலை."

"துணியெல்லாம் எப்படிக் காயும்?"

அவன் சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து வாயைத் துடைத்தான். "எங்க காயுது? ஈரத்தோடதான் திரியிறோம்."

"சின்னவர் காலுல பூட்ஸ் இல்லியே."

"கழட்டி வெச்சிருந்தார் போல. தண்ணித் தொட்டி பக்கத்துலதான் கெடந்தார். குண்டு அங்கதான் விழுந்துச்சு."

"அதிகாரிக்கு அங்க என்ன வேலை?"

"அதை யாரு கேட்டா? அன்னைக்கு ரெண்டு பேரைக் காணோம். இவரை எடுத்துட்டோம், கொண்டுவர வண்டி கிடைக்கத்தான் இத்தனை நாளாச்சு. இன்னொருத்தன் துணி துவைக்கிறவன். அவன் ஓடிட்டான்."

"ஓடிட்டான்னு எப்படித் தெரியும்?"

"உடம்பு இல்லியே. ஒரு மோட்டார் சைக்கிளும் காணோம். எடுத்துட்டுக் கிளம்பிட்டான்."

"அவனுக்குச் சைக்கிளே ஓட்ட வராது தம்பி. ரெண்டு தடவை ஆத்துல விட்டான்."

சிப்பாய் தூணிலிருந்து நிமிர்ந்தான். இந்த ஊர்த் தெருவில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் சின்னவர் ஒருவர்தான். காய்கிற விரிப்புகளின் மேல் புழுதியை இறைத்துக்கொண்டு போவார். அதைச் சொல்ல நினைத்தார் சலவைக்காரர். வேறு சொல் வந்தது.

"உள்ள கிடக்கிறது என் பையன்."

"என்ன சொல்றீங்க?"

"சட்டை அவருது. காய வெக்கிறதுக்காகப் போட்டிருக்கான். நாங்க அப்படித்தான். கால் என் பையனோடது. வந்து பாருங்க. தழும்பைக் காட்டுறேன்."

சிப்பாய் கூடத்துப் பக்கம் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. அது அங்கே நிற்கவில்லை. கீழே பார்த்துக் காலணியின் சேற்றைத் தரையில் உரசினான்.

"ஐயா, நான் கொண்டாந்து சேர்க்கிறவன். இன்னாருன்னு சொல்லிக் குடுத்தாங்க. அவங்க வீட்டுல, ஆமா எங்க புள்ளைதான்னு வாங்கிக்கிட்டாங்க. இதுக்கு மேல நான் என்ன கேக்கிறது? பெத்தவரே பாத்துச் சொல்லிட்டார்."

"நானும் பெத்தவன்தான்."

சிப்பாய் பதில் சொல்வதற்குள் கணக்கர் வந்து சலவைக்காரரின் முழங்கையைப் பிடித்தார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. இவன் புள்ளைதான் அந்த ஓடினவன். அதுலருந்து இவனுக்குப் புத்தி ஒரு நிலையில இல்ல." பிடியை விடாமல் பின்வாசலுக்கு நடத்திக்கொண்டு போனார். வழியில் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசவில்லை. நோயாளியைக் கூட்டிப்போகிறவர் போலக் கல் தடுக்கும் இடத்தில் "பாத்து, பாத்து" என்றார்.

கதவருகே குரலைத் தாழ்த்தினார். "நாளையிலருந்து மில் வீட்டுத் துணி உனக்குத்தான். மில் வீடு போட்டா ஊரும் போடும். அந்தச் சுவத்துக்கும் ஆள் அனுப்பிச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கார்."

"யாரு?"

"முதலாளிதான். வேற யாரு?"

"எப்பச் சொன்னார்?"

கணக்கர் வாயைத் திறந்து மூடினார். "காலையில, பெட்டி வந்ததும்," என்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

சலவைக்காரர் ஆற்றோரமாகவே வீட்டுக்கு நடந்தார். தண்ணீர் சத்தமில்லாமல் போயிற்று. சட்டை கழுத்தை உறுத்தியது. தன் சட்டைதானா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். துரை ஓடவில்லை. இதுதான் முதலில். சுவரில் எழுதியது பொய். இது அடுத்து. அதற்குப் பிறகு வரவேண்டியது வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். துரை ஓடவில்லை.

அவள் சாலையில் விரிப்பு உலர்த்திக்கொண்டிருந்தாள். நனைந்த விரிப்புக்கு அந்தப் பக்கம் அவள் நிழல் மட்டும் தெரிந்தது. கைகள் மேலே போயின, இறங்கின. அவர் இந்தப் பக்கம் நின்றார்.

"இங்க பாரு," என்றார்.

"வந்துட்டீங்களா? அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"அழுறாங்க."

"அழாம? முகத்தைக்கூடக் காட்டலையாமே. ரொட்டிக்கடைக்காரம்மா சொல்லிட்டுப் போனாங்க. அம்மாவுக்கு முகத்தைக் காட்டாம மண்ணுல வைக்கிறதுக்குக் கொடுமை வேற உண்டா?"

"துரை..." என்றார்.

நிழல் நின்றது. விரிப்பை விலக்கிக்கொண்டு அவள் முகம் வந்தது. "துரைக்கென்ன? ஏதாவது சேதி சொன்னாங்களா? பாத்தாங்களாமா?"

அந்த முகத்தில் வெயில் விழுந்திருந்தது. அவ்வளவு அருகில், நல்ல சேதிக்கு அவ்வளவு தயாராக அவள் முகத்தை அவர் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

"அங்க ஒரே மழையாம்," என்றார்.

"மழை நல்லதுதான். மழையில எவனும் தேடிட்டு வரமாட்டான்." அவள் கொடியை இழுத்துக் கட்டினாள். "எங்கயோ வைக்கப்போருக்குள்ள படுத்திருப்பான். நனைஞ்சா காய வெச்சுக்கத் தெரியும் அவனுக்கு."

சாலையின் வளைவில் ஒரு சிப்பாய் ஓடிவந்தான். தூணில் சாய்ந்திருந்தவன் அல்ல, வேறொருவன். கையை ஆட்டிக்கொண்டே கத்தினான்.

"கொடியை அவுருங்க! தேசக்கொடி போர்த்தின வண்டி வருது. வழியில தொங்குறதை எல்லாம் எடுங்க!"

இருவரும் விரிப்புகளை உருவத் தொடங்கினார்கள். ஈரத் துணி கனம். அவள் உருவி உருவி அவர் கைகளில் அடுக்கினாள். அடுக்கு நெஞ்சைத் தாண்டியது, தாடையைத் தாண்டியது, வாயை மூடியது. நீலமும் சோடாவும் கலந்த வாசனைக்கு மேலே கண்கள் மட்டும் வெளியே இருந்தன.

வண்டி மெதுவாக வந்தது. முன்னால் அந்தச் சிப்பாய்கள், பின்னால் முதலாளி, கணக்கர், ஆசிரியர், தபால்காரர். ஊரே சட்டைக்குள் ஆளோடு நடந்து வந்தது. சக்கரச் சத்தம்கூடத் துணியில் சுற்றியது போலக் கேட்டது.

"ஓரமா நில்லுங்க," என்று அவள் கிசுகிசுத்தாள். அவர் கண்ணைப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் இறக்கினாள். "அழுறீங்களா? அழுங்க. பாவம், நாம பாத்து வளந்த புள்ளை. நம்மது எங்கயாவது உசிரோட இருக்குல்ல, அதை நினைச்சுக்கங்க."

அவர் துணிக்குள் ஏதோ சொன்னார். அது அவளுக்குக் கேட்கவில்லை.

எதிர்மரத்தின் பக்கம் ஒரு விரிப்பு மறந்துபோய்க் கொடியிலேயே நின்றிருந்தது. வண்டி அதனடியில் நுழைந்தபோது காற்று அதைத் தூக்கிப் பெட்டியின் மேல் போட்டது. ஈர விரிப்பு தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை ஒட்டிக்கொண்டது. ஊர்வலம் நின்றது.

"ஐயையோ!" அவள் ஓடினாள். இரண்டு கையாலும் விரிப்பை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். போர்த்தியிருந்த தேசக்கொடி ஒரு பக்கம் நனைந்து விலகி, மரப் பெட்டி தெரிந்தது. பெட்டியின் ஓரத்தில் ஈரம் பளபளத்தது.

"கண்ணு தெரியாதாம்மா உனக்கு?" என்றான் முன்னால் வந்த சிப்பாய்.

"மன்னிச்சுக்கங்க ஐயா, தெரியாம பட்டுருச்சு. இதோ, இதோ துடைச்சுடறேன்." உள்ளங்கையால் பெட்டியின் ஓரத்தை அவசரமாகத் துடைத்தாள். முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்தும் ஒருமுறை சொன்னாள். "மன்னிச்சுக்கங்க முதலாளி."

"போதும், தள்ளு."

அவள் தள்ளி நின்றாள். வண்டி நகர்ந்தது. பெட்டியின் மரத்தில் அவள் விரல்கள் இழுத்த ஈரக்கோடுகள் வெயிலில் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டே போயின.